சாப்பிட்டீங்களா என்று கேட்ட வாரம்

சமூக உளவியல் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி முதல் பாடத்திலேயே வந்துவிட்டது. எல்லோரும் நம்மையே கவனிக்கிறார்கள் என்று மனிதர்கள் நினைத்துக்கொள்கிறார்களாம். உண்மையில் நம்மை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லையாம். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் போல இருந்தது. மறுநாள் காலை தலையைக்கூட ஒழுங்காகச் சீவாமல் கம்பெனி பஸ் ஏறப் போனேன். பூக்காரம்மா, டீக்கடைக்காரர், அதுவரை நான் பார்த்தே இராத ஒரு பெரியவர் என்று வரிசையாக, என்ன ஆச்சு, வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று விசாரித்தார்கள். புத்தகம் எழுதியவர் எங்கள் ஊர் கெலமங்கலத்தில் ஒரு தடவைகூட பஸ்ஸை விட்டு இறங்கியதில்லை என்று புரிந்துகொண்டேன்.

நான் கவலைப்படுகிற ரகம். காஸை மூடினேனா என்று கவலை. பூட்டை இழுத்துப் பார்த்தேனா என்று கவலை. ரொம்ப இழுத்துப் பார்த்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று அதற்கு மேல் ஒரு கவலை. என் கணவர் சின்ன லாரி ஓட்டுகிறார். சீசனில் கிருஷ்ணகிரி கூழ் ஃபேக்டரிகளுக்கு மாம்பழம், மற்ற நாளில் தக்காளி. அவர் போனை எடுக்காவிட்டால் போதும், நான் மனதுக்குள் வண்டியைக் கவிழ்த்து, ஆம்புலன்ஸை வரவழைத்து, காரியத்துக்கு வருகிறவர்களுக்கு யார் சமைப்பது என்பது வரை முடிவு செய்துவிடுவேன். அவர் திரும்பக் கூப்பிட்டு, "டீ குடிச்சிட்டிருந்தேன்" என்பார். அப்போது எனக்கு வருகிற கோபத்தை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை. அவ்வளவு ஏற்பாடும் வீண்.

பள்ளிக்கூடத்தைப் பத்தாவதோடு விட்டேன். பரீட்சை எழுதவில்லை. வறுமையால் நின்றதாக எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படிச் சொன்னால் மரியாதையாக இருப்பதால் நானும் மறுப்பதில்லை. உண்மை என்னவென்றால், ஹால் டிக்கெட்டைத் தொலைத்துவிடுவேனோ என்று பயந்து, பயத்தில் காய்ச்சல் வந்து, பரீட்சை முடியும் வரைக்கும் கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஹால் டிக்கெட் பத்திரமாக இருந்தது. கல்யாணமான பிறகு பத்து, பன்னிரண்டு இரண்டையும் தனியாக எழுதினேன். ஒவ்வொரு பரீட்சைக்கும் என் கணவர் கேட்டுக்கு வெளியே, சட்டைப் பையில் நாலைந்து பேனாவோடு நின்றார். பார்த்தவர்கள் பேனா வியாபாரி என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. உளவியல். ஏன் உளவியல் என்றால், எனக்கு என்ன கோளாறு என்று டாக்டரிடம் கேட்கப் பயம், புத்தகத்திடம் கேட்கலாமே என்றுதான். என் கணவர் முதல் நாளே, "மனசைப் படிக்கப் போறவளே, என் மனசுல இப்போ என்ன இருக்கு சொல்லு?" என்றார். பசி என்றேன். "அடேங்கப்பா, பாஸ்" என்று தட்டை எடுத்து வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் என் படிப்புக்குக் கிடைத்த பட்டமளிப்பு விழா அதுதான்.

நேர்முக வகுப்பு கிருஷ்ணகிரியில், ஞாயிற்றுக்கிழமைகளில். வாத்தியார் எங்களைவிடச் சின்ன வயசு. ஃபேன் சுற்றாத வகுப்பறையில் கர்ச்சீஃப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "ஒவ்வொரு குழுவுக்கும் எழுதப்படாத நெறிகள் உண்டு. அதை யாராவது மீறும்போதுதான் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியும்" என்பார். அதுதான் எங்களுக்குச் செய்முறைப் பயிற்சியும்கூட. நாம் இருக்கிற குழுவில், யாருக்கும் கெடுதல் வராத ஒரு சின்ன வழக்கத்தை ஒரு வாரம் மீற வேண்டும். என்ன நடக்கிறது என்று கவனித்து எழுத வேண்டும். முன்கூட்டியே யாரிடமும் சொல்லக் கூடாது. முடிந்ததும் சம்பந்தப்பட்டவரிடம் விஷயத்தை விளக்கிவிட வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். எழுந்து, "சார், நான் டீக்கடையில டீ குடிச்சிட்டுக் காசு குடுத்துப் பாக்கறேன்" என்றார். வகுப்பு சிரித்து ஓய்வதற்கு ரொம்ப நேரம் ஆனது. அவர் சிரிக்கவில்லை. சீரியஸாகத்தான் சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வழக்கத்தை மீறுவது என்றாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். யாருக்கும் கெடுதல் வராத, யாரும் கத்தாத, என்னை யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மீறல் வேண்டும். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் அது கிடைத்தது. பின்சீட்டில் ஒரு ஆள் போனில் மனைவியிடம் கன்னடத்தில் பேசி வைத்துவிட்டு, பக்கத்திலிருந்தவனிடம் தெலுங்கில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, கண்டக்டரிடம் தமிழில் சில்லறை கேட்டான். அடடா என்று நிமிர்ந்தேன்.

மூன்று மாநிலம் சந்திக்கிற எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு மொழி என்பது கிடையாது. இரண்டு ஆளுக்கு ஒரு மொழி. முதல் தடவை பார்க்கும்போது எதில் வாயைத் திறந்தீர்களோ, ஆயுசுக்கும் அதுதான். எதிரே இருப்பவருக்கு வேறு மொழி நன்றாகத் தெரியும் என்று பிறகு தெரிந்தாலும் மாறாது. என் கணவரும் மண்டித் தரகரும் கன்னடத்தில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் வீட்டில் தமிழ். யாராவது ஒருவர் மாற்றினால் என்ன என்று கேட்டேன். "எப்படி மாத்தறது? அசிங்கமா இருக்காது?" என்றார், சட்டையைக் கழற்றிவிட்டுச் சந்தைக்குப் போகச் சொன்ன மாதிரி.

எழுதப்படாத நெறி. யாருக்கும் கெடுதல் இல்லை. நான் பேசுகிற மொழியை ஒரே ஒருத்தியிடம் ஒரே ஒரு வாரம் மாற்றிப் பார்க்கப்போகிறேன். அந்த ஒருத்தி, என் சிநேகிதி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டு தயாரிக்கிற கம்பெனியில் இரண்டு பேரும் வேலை. பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். அதன் வழியாகக் கலர் கலராக வயர்களை ஓடவிட்டு, டேப் சுற்றி, அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். அவள் வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரி. கெலமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் தெலுங்கு. படித்தது தமிழ் மீடியம், என்னைவிட அழகாகத் தமிழ் எழுதுவாள். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சூப்பர்வைசர் அவளைக் கன்னடத்தில் ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பலகையிலிருந்து, விடு, அவன் எல்லாரையும் அப்படித்தான் என்று எனக்குத் தெரிந்த தெருத் தெலுங்கில் சொன்னேன். முடிந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் தெலுங்குதான். "ஏமே" என்பாள் என்னை, ஏய் என்று உரிமையோடு கூப்பிடுகிற மாதிரி. நானும் "ஏமே" என்பேன். மாமியாரைத் திட்டுவது, சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவது, கர்ப்பப்பை சமாச்சாரம் எல்லாமே அந்த மொழியில்தான். அவள் பேசியதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். எதில் பேசினாள் என்பதை மட்டும் விடாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விவகாரமே அதில்தான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. தமிழில் இவளை என்னவென்று கூப்பிடுவது? "என்னடி" என்பது என் தங்கைக்கு. "ஏங்க" என்பது கணவருக்கு. இவளுக்கு என்று தமிழில் என்னிடம் ஒன்றுமே இல்லை. பதற்றத்தில் வாயில் வந்தது வந்துவிட்டது:

"சாப்பிட்டீங்களா?"

திரும்பி என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்படுவாள், சிரிப்பாள், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அவள் ஒரு கணம்தான் பார்த்தாள்.

"சாப்ட்டேன். நீங்க?" என்றாள் தமிழில்.

அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஓசூர் வரும் வரை ரோஜாத் தோட்டத்துப் பாலித்தீன் கூடாரங்களை என்றைக்கும் இல்லாத அக்கறையோடு பார்த்துக்கொண்டு வந்தாள்.

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. நான் தமிழில் கேட்பேன், அவள் தமிழில் பதில் சொல்வாள், சுத்தமாக, செய்தி வாசிக்கிற மாதிரி. ஆய்வில் விளைவே இல்லையே, ஃபெயில் ஆகிவிடுவேனோ என்று வாத்தியாருக்குப் போன் செய்தேன். "எதிர்வினையே இல்லையா? சுவாரசியமா இருக்கே, தொடருங்க" என்றார். அவருக்கு எல்லாமே சுவாரசியம். பஸ்ஸில் என் பக்கத்தில் அவர் உட்காரவில்லை.

விளைவு இருந்தது. நான்தான் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை டீ நேரத்தில் லைன் பெண்கள் கூட்டமாக நின்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. ஒருத்தி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். இன்னொருத்தி டீ கிளாஸை எடுத்து என் கையில் கொடுத்து, "எடுத்துக்கோங்கக்கா" என்றாள். அவள் போன வாரம் வரை என் டிபன் பாக்ஸிலிருந்து கேட்காமல் ஊறுகாய் எடுத்தவள்.

சாயங்காலம் வாஷ்பேசினில் கை கழுவும்போது அதே ஊறுகாய்க்காரி மெதுவாகக் கேட்டாள்:

"எப்பக்கா நோட்டீஸ் போடறாங்க?"

"என்ன நோட்டீஸ்?"

"சும்மா இருங்கக்கா. லீடர் போஸ்ட் உங்களுக்குத்தானாமே. நீங்க அவங்ககிட்ட தமிழுக்கு மாறிட்டீங்களாம். பஸ் பூரா தெரியும்."

அப்போதுதான் எனக்குத் தலையில் ஆணி இறங்கியது. எங்கள் லைனில் யாருக்கு லீடர் வேலை கிடைத்தாலும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். லீடர் ஆகப் போகிறவள் தன் பழைய சிநேகிதிகளிடம் தெலுங்கையும் கன்னடத்தையும் விட்டுவிட்டு "வாங்க போங்க" தமிழுக்கு வந்துவிடுவாள். நாளைக்கு வேலை வாங்க வேண்டுமே, இன்றைக்கே தூரம் போட்டு வைக்கிற ஏற்பாடு. இதுவரை இருந்த லீடர்கள் எல்லாரும் இப்படித்தான் மாறினார்கள். நாங்களும் ஒவ்வொரு தடவையும் "மாறிட்டாடி" என்றுதான் பேசிக்கொண்டோம். எங்கள் லைனில் பழைய லீடர் பிரசவத்துக்குப் போய், அந்த இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு ஆசைப்பட்டவள், ஆசைப்பட நியாயமுள்ளவள், எங்களில் மூத்தவள், என் சிநேகிதிதான். என்னிடம்தான் சொல்லியிருந்தாள். தெலுங்கில்.

இத்தனையும் தெரிந்த நான், உலகத்தில் இருக்கிற எல்லாக் கவலையும் பட்ட நான், இந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கவலைப்படுகிறவர்களின் லட்சணமே இதுதான். பூட்டை நூறு தடவை இழுப்போம், ஜன்னல் திறந்திருக்கும்.

மறுநாளே விளக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். வாரம் முடியவில்லை, ஆய்வு கெட்டால் கெடட்டும். பஸ்ஸில் அவள் எனக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து எட்டித் தெலுங்கில், ஏமே, கேளு, இது ஒரு பரிசோதனை, படிப்புக்காகச் செய்தேன் என்று ஆரம்பித்தேன். வாத்தியார், நெறி, மீறல், போலீஸ்காரர், டீ என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு தமிழில்:

"ஒரு வாரம் பாஷைய மாத்திப் பேசினா பி.ஏ. குடுப்பாங்களா?"

"பி.ஏ. இல்ல, இது ஒரு செய்முறை..."

"இதுக்கு ஒரு வாத்தியாரு?"

"ஆமா."

"பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நல்லதா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கு வேலை கிடைச்சா நான் சந்தோஷம்தான் படுவேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்."

புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்தாள். "இதுல எங்க என் பேர் இருக்கு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வாத்தியார் சொன்ன "சம்பந்தப்பட்டவரிடம் விளக்கிவிட வேண்டும்" என்பதில், சம்பந்தப்பட்டவர் நம்ப வேண்டும் என்று எங்கும் இல்லை.

நிலைமை அதோடு நிற்கவில்லை. ஒரு ஆள் இப்படித்தான் என்று எல்லாரும் நம்பி அப்படியே நடத்தினால் அந்த ஆள் அப்படியே ஆகிவிடுவார் என்று ஒரு பாடம் உண்டு. பரீட்சைக்கு அதைத் தாண்டிப் போயிருந்தேன், சும்மா மனப்பாடம் செய்யத் தோதாக இல்லாததால். இப்போது அது என் மேலேயே நடந்தது. பெண்கள் என்னிடம் லீவு கேட்டார்கள். எனக்கு ஏது அதிகாரம் என்றால் சிரித்துக்கொண்டே, "சரிக்கா, இப்போதைக்குத் தெரியாத மாதிரியே இருந்துக்கறோம்" என்றார்கள். டேப் தீர்ந்துபோனால் என்னிடம் வந்தார்கள். வாதாடுவதைவிட இது சுலபம் என்று ஒரு தடவை நானே ஸ்டோருக்குப் போய் எடுத்துக்கொடுத்தேன். பச்சை வயரும் மஞ்சள் வயரும் மாறிப்போனதை ஒருத்தியின் பலகையில் பார்த்துச் சொன்னேன். அவள், "தேங்க்ஸ்க்கா" என்று எழுந்தே நின்றுவிட்டாள். உண்மையைச் சொன்னால், அந்தக் கணம் நன்றாகத்தான் இருந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. அதே சமயம் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. யாராவது உட்கார வந்தால், "வேண்டாங்க, நீங்க ஃப்ரீயா உக்காருங்க" என்று போய்விடுவார்கள். ஃப்ரீயாக உட்கார்ந்து பார்த்தேன். கெலமங்கலத்திலிருந்து ஓசூர் அவ்வளவு தூரம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். அவரும் நானும் கன்னடம். வேலை போய்விட்டது, என் கணவரின் வண்டிக் கடன், அப்புறம் தெரு என்று நடந்துகொண்டே போனேன்.

"ஏனம்மா, லைன்ல எல்லாரும் உன் பேச்சைத்தான் கேக்கறாங்களே. நான் கவனிச்சிட்டுத்தான் இருக்கேன். லீடரா போட்டுடலாமா?"

அவருக்கு வதந்தி தெரியாது. வதந்தி செய்துவைத்த வேலையைத்தான் அவர் கவனித்திருக்கிறார். எங்கள் நீலக் கோட்டுக்குப் பதில் லீடரின் சாம்பல் கோட்டு. நாள் பூராவும் பலகை முன்னால் நிற்க வேண்டியதில்லை. என் கணவர் ஊர் பூராவும் சொல்வார். அதற்குப் பின்னாலேயே, தப்பு வயரோடு ஒரு கட்டு திரும்பி வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கட்டுக்கும் எத்தனை வயர், ஒவ்வொரு வயருக்கும் நான் எத்தனை கவலைப்படுவேன் என்று பார்த்தால் எனக்குத் தூக்கம் என்பதே இருக்காது.

"வேண்டாம் சார்" என்றேன். "அவளைப் போடுங்க. எங்க எல்லாருக்கும் சீனியர்."

"அவளுக்குக் கோபம் ஜாஸ்தி."

"கோபம் இருக்கறதாலதான் சார் தப்பு அவ கண்ணுல படுது. எனக்குப் பயம் ஜாஸ்தி. தப்பைப் பாத்தா நான் அந்தப் பக்கம் திரும்பிப்பேன்."

அவர் யோசித்தார். இதை யாரும் தியாகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி பயம், பாதி அந்தக் காலி சீட். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு எம்.ஏ. வரை படிக்க வேண்டியிருக்கும்.

இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சூப்பர்வைசர் நல்ல மனுஷர். ஆனால் எதையும் முழுசாகச் சொல்லிவிடுகிற மனுஷர். மறுநாள் காலை லைன் முன்னால் எல்லாரையும் நிறுத்தி, அவளைக் காட்டி, "இனிமே இவங்கதான் லீடர். முதல்ல அவங்களைத்தான் கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க, அதனால இவங்க" என்று என்னையும் காட்டி அறிவித்துவிட்டுப் போய்விட்டார்.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினேன். டீ நேரத்தில் என் பலகைக்கு வந்து நின்றாள். சாம்பல் கோட்டு இன்னும் வரவில்லை. நீலத்தில்தான் இருந்தாள்.

"நீங்க வேண்டாம்னு தட்டுல ஒதுக்கி வெச்சதை எனக்குப் போடறாங்க. அப்படித்தானே?"

தமிழில்தான். சத்தம்கூட உயரவில்லை. நான் தெலுங்கில், அப்படி இல்லை, நீதான் சரியான ஆள் என்று நான்தான் சொன்னேன் என்றேன்.

"அதைச் சொல்ல நீங்க யாரு?"

சமூக உளவியலில் எனக்கு வந்த கேள்விகளிலேயே கஷ்டமானவை எல்லாம் அந்தப் பலகை முன்னால்தான் வந்தன.

இதற்கு நடுவில் கிருஷ்ணகிரியில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வந்திருந்தார். போலீஸ்காரர் எனக்கு முன்னால் போய்விட்டு வந்து, "டீக்கடைக்காரன் ரெண்டு நாள் கடையையே திறக்கல. என்னமோ கேஸ் போடப் போறேன்னு பயந்துட்டான்" என்று வருத்தத்தோடு சொன்னார். உள்ளே போனேன். பேராசிரியர் என் அறிக்கையைப் புரட்டினார்.

"மாதிரி எண்ணிக்கை எவ்வளவு?"

"ஒருத்தி சார்."

"ஒருத்தி போதாதேம்மா. இன்னும் சிலர்கிட்ட செஞ்சிருக்கலாமே."

"எனக்கு இருந்ததே ஒருத்திதான் சார்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "முடிவு என்ன?" என்றார். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை சார் என்றேன். ஏதோ எழுதிக்கொண்டு, போகலாம் என்றார். பாஸ் போட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. என் கணவர் அல்வா வாங்கி வந்தார். எனக்கு இறங்கவில்லை. "பாஸாயிட்டியே, அப்புறம் என்ன?" என்றார். "அவளோட பேச்சு போச்சே" என்றேன். "மண்டிக்காரர்கிட்ட நான் தமிழ்ல பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார், ஆறுதலாக. வேண்டவே வேண்டாம் என்றேன்.

அவள் நல்ல லீடராகத்தான் இருந்தாள். சாம்பல் கோட்டு வந்தது. லைனில் எல்லாரிடமும் "வாங்க போங்க" தமிழ்தான், அதில் எனக்கு மட்டும் தனியாக ஒன்றுமில்லை. "இந்த டேப்பை இன்னும் இறுக்கிச் சுத்துங்க" என்பாள். "சரிங்க" என்பேன். நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். பஸ்ஸில் அவள் முன்னால், நான் பின்னால்.

ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது அவள் கடைசியாக வந்தாள். டார்கெட் முடியவில்லை, சூப்பர்வைசரிடம் நின்று திட்டு வாங்கிவிட்டு வந்திருக்கிறாள். அவள் படியில் கால் வைத்ததும் பஸ்ஸில் பேச்சு அடங்கியது. அந்தச் சத்தம், அதாவது அந்தச் சத்தமின்மை, எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரம் அதில் வாழ்ந்திருக்கிறேன். அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒருத்தி பையை வைத்து, "ஆள் வர்றாங்கக்கா" என்றாள். அடுத்த சீட்டிலும் ஆள் வருகிறார்களாம். ஊறுகாய்க்காரி தூங்குவது போல ஜன்னலில் சாய்ந்தாள். பஸ் கிளம்பிவிட்டது. எந்த ஆளும் வரவில்லை.

நான் என் பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கூப்பிடவில்லை. எந்த மொழியில் கூப்பிடுவது என்ற பயம்தான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நின்றாள். ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டது. வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். எதிர்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரோஜாக் கூடாரங்கள் வந்து போயின.

"ஏமே" என்றாள்.

நான் அசையவில்லை.

"லீடர் வேலைன்னா என்னன்னு நினைச்சே? நாய் பொழப்பு" என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். சூப்பர்வைசரின் நடை, அவர் பல்லைக் குத்திக்கொண்டே திட்டுகிற அழகு, லீவு கேட்டு அழுகிறவள், அழாமலே லீவு போடுகிறவள் என்று ஒவ்வொருவராக எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டாள். பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும் என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

"இவங்களையாவது சேத்துக்கலாம். மூணாவது பலகையில ஒருத்தி நிக்கறா பாரு" என்றாள்.

மூன்றாவது பலகை என்னுடையது.

"அவளுக்கு என்ன?" என்று கேட்டேன், தெலுங்கில்.

"என்னமோ பெரிய படிப்பு படிக்கறாளாம். மனுஷங்க மனசெல்லாம் தெரியுமாம். ஒரு டேப்பை நேராச் சுத்தத் தெரியல. நாலு சுத்துக்கு ஒரு தடவை நிமிந்து யாராவது பாக்கறாங்களான்னு பாக்கறா. அவளால இன்னிக்கு எனக்கு எவ்வளவு லேட்டு தெரியுமா?"

"அவ அப்படித்தான்" என்றேன். "நீ நல்லாத் திட்டிவிட வேண்டியதுதானே?"

"திட்டலாம். ஆனா அவகிட்ட தமிழ்லதான் பேசணும். தமிழ்ல எனக்கு அவ்வளவு நல்லாத் திட்ட வராது."

கெலமங்கலம் வரும் வரை திட்டிக்கொண்டே வந்தாள். நானும் எனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொடுத்துக்கொண்டே வந்தேன்.